வேர்ல்ட்கானில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி: பேட்ஜ் வாங்குவதிலிருந்து கடைசிக் கைத்தட்டல் வரை

உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்ட்கான் 1939-இல் நியூயார்க்கில் தொடங்கியது. இப்போது பெரும்பாலும் ஐந்து நாள் நடக்கிறது. அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது, மாறுவேடப் போட்டி, எழுத்தாளர் உரையாடல் என்று காலை முதல் நள்ளிரவு வரை ஒரே நேரத்தில் பல அறைகளில் நிகழ்ச்சிகள் ஓடும். சில ஆண்டுகளில் இவற்றோடு ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் மேடையேறுகிறது. 2014-இல் லண்டன் எக்செல் மையத்தில் நடந்த மாநாட்டுக்காகவே வேர்ல்ட்கான் ஃபில்ஹார்மோனிக் என்ற இசைக்குழு திரட்டப்பட்டது.

ஐந்து நாளில் கச்சேரிக்கு ஒரே ஒரு மாலைதான். தவறவிட்டால் மறுநாள் இன்னொரு காட்சி கிடையாது. இசைக்கென்று கட்டாத அரங்கில், இசைக்கென்று வராத பல ஆயிரம் பேர் நடுவில் நடக்கும் கச்சேரி இது. நல்ல இசை அரங்குக்குப் போனால் கட்டடமே நமக்காகப் பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே அந்தப் பாதியையும் கேட்பவரே செய்ய வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி.

உறுப்பினர் கட்டணமும் பேட்ஜும்

கச்சேரிக்குத் தனி டிக்கெட் வழக்கமாக இருக்காது. மாநாட்டு பேட்ஜே அனுமதிச் சீட்டு. ஆனால் எந்த பேட்ஜ் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வேர்ல்ட்கானில் கட்டணம் இரண்டு அடுக்காக இருக்கிறது. முதலாவது உலக அறிவியல் புனைகதைச் சங்கத்தின் உறுப்பினர் கட்டணம். இதைக் கட்டினால் ஹ்யூகோ விருதுக்கு வாக்களிக்கலாம். மாநாட்டுக்குள் நுழைய முடியாது. நேரில் வருவதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்ட வேண்டும். முதல் கட்டணத்தை மட்டும் கட்டி, "உறுப்பினர் ஆகிவிட்டோம்" என்று நினைத்து விமானச் சீட்டு எடுத்துவிடாதீர்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் இரண்டும் தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாநாடு நெருங்க நெருங்க இந்தக் கூடுதல் கட்டணம் ஏறும் என்பதால் முன்கூட்டியே கட்டுவது லாபம். ஒரு நாள் மட்டும் வருகிறவர்களுக்கு ஒரு நாள் பேட்ஜ் விற்கப்பட்டால், கச்சேரி எந்தக் கிழமை என்று உறுதியான பிறகே வாங்குங்கள்.

பிரிட்டனில் நடக்கும் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அந்த மூன்று மாதத்தின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

பேட்ஜ் வழங்கும் மேசை பல ஆண்டுகளில் மாநாட்டுக்கு முந்தைய மாலையே திறந்துவிடும். அன்றே போய் வாங்கிவிடுங்கள். முதல் நாள் காலையில் அந்த வரிசை மிக நீளமாக இருக்கும். கச்சேரி முதல் நாள் மாலையே இருந்தால் அந்தத் தாமதம் நேரடியாக உங்கள் இருக்கையில் போய் இடிக்கும். புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பேட்ஜைக் கழுத்திலிருந்து கழற்றி அறையில் வைத்துவிட்டு மாலையில் வந்து நின்றால் வாசலில் இருக்கும் தன்னார்வலரால் எதுவும் செய்ய முடியாது. அவர் சம்பளத்துக்கு நிற்பவர் அல்ல; உங்களைப் போலவே கட்டணம் கட்டி வந்து உதவுகிறவர். அவரோடு வாதாட வேண்டாம்.

ஒரு வாரம் முன்பு: என்ன வாசிக்கப் போகிறார்கள்?

இசைநிரல் வெளியானதும் அதில் உள்ளவற்றை வீட்டில் இரண்டு முறையாவது கேட்டுவிட்டு வாருங்கள். மேற்கத்திய செவ்விசை பழகாத காதுக்கு இது பெரிய உதவி. எங்கே மெல்ல இறங்கும், எங்கே வெடிக்கும் என்று தெரிந்துவிட்டால், அரங்கின் குறைகளைத் தாண்டிக் காது தானாகவே இசையைத் தேடிப் பிடிக்கும்.

இத்தகைய கச்சேரிகளில் படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் எழுதிய இசை ஒரு பங்கு, அதற்கு முன்பே இருந்த செவ்விசை ஒரு பங்கு என்று இருப்பதே வழக்கம். செவ்விசையில் அடிக்கடி பேசப்படுபவை இரண்டு. ஒன்று, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-இல் எழுதிய ஜரதுஸ்ட்ரா. இதன் தொடக்கத்தில் வரும் ஒன்றரை நிமிட சூரிய உதயத்தைத்தான் ஸ்டான்லி கூப்ரிக்கின் 1968 விண்வெளிப் படம் உலகத்துக்கே பழக்கியது. முழுப் படைப்பு அரை மணிக்கும் மேல் போகும். பட்டியலில் "தொடக்கம் மட்டும்" என்று இருக்கிறதா என்று கவனியுங்கள்.

மற்றொன்று, குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1914-க்கும் 1917-க்கும் இடையில் எழுதிய கோள்கள். செவ்வாய், வெள்ளி, புதன், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று ஏழு பகுதிகள், சுமார் 50 நிமிடம். பூமி இல்லை, ஏனென்றால் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது வானியல் அல்ல, சோதிடம். இதே ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படித்து, மகாபாரதத்துச் சாவித்திரி கதையை 1908-இல் ஒரு சிறு இசை நாடகமாக எழுதியவர் என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் அவர் அவ்வளவு அந்நியமாகத் தோன்ற மாட்டார்.

செவ்வாய் ஐந்து ஐந்தாக எண்ண வேண்டிய தாளத்தில் ஓடுகிறது. கண்ட சாபு போட்டுப் பழகிய கைக்கு இது ஒரு வரம். சாபுவின் இரண்டும் மூன்றுமான பிரிவு இங்கே அப்படியே பொருந்தாது. ஐந்து என்ற எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தாளம் தப்பிக் காலாட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சமத்தில் வந்து நிற்பீர்கள். கையை மடியில் வைத்து மனத்துக்குள் போடுங்கள். தொடையில் தட்டுவது இங்கே இடைஞ்சல்.

கோள்களை முழுதாக வாசிக்க 6 ஹார்ன், 4 ட்ரம்பெட், 2 ஹார்ப், ஆர்கன் எல்லாம் வேண்டும். மாநாட்டுக்காகச் சேர்ந்த குழு அதில் இரண்டு மூன்று பகுதிகளையோ, சிறிய குழுவுக்குத் திருத்திய வடிவத்தையோ வாசிக்கலாம். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒரே மாலைக்காகக் கூடி, மிகச் சில ஒத்திகைகளோடு மேடையேறும் கலைஞர்கள் அவர்கள்.

கச்சேரி நாள்

காலையில் எழுந்ததும் நிகழ்ச்சிச் செயலியைப் புதுப்பியுங்கள். அச்சிட்ட கையேடு வாரக்கணக்கில் முன்பே அச்சகம் போயிருக்கும். இடமும் நேரமும் மாறியிருக்கலாம். செயலி உங்கள் போனில் இருக்கும் நேர மண்டலத்தைக் காட்டுகிறதா, மாநாட்டு ஊரின் நேரத்தைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். வீட்டு நேரத்திலேயே விட்டிருந்த போனை நம்பி நான்கரை மணி நேரம் பிசகியவர்களும் உண்டு. "கதவு திறக்கும் நேரம்", "கச்சேரி தொடங்கும் நேரம்" என்று இரண்டு இருந்தால் உங்களுக்கு முக்கியம் முதலாவதுதான்.

பகல் முழுக்கக் கூச்சலான விற்பனைக் கூடத்தில் சுற்றிய காது மாலையில் மந்தமாக இருக்கும். கச்சேரிக்கு முந்தைய இரண்டு மணி நேரம் அமைதியான இடத்தில் இருந்தால் மெல்லிய சுரங்கள் எவ்வளவு கூடுதலாகக் கேட்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். ஹெட்போனும் வேண்டாம்.

சாப்பாட்டை மாலை ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். மாநாட்டு மையத்துக் கடைகள் மாலையில் ஒவ்வொன்றாக மூடும். வெளியே இருக்கும் உணவகங்களிலோ அதே நேரத்தில் எல்லாரும் போய் நிற்பார்கள். பிறகு சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டால், மெல்லிசை வாசிக்கும் நேரம் பார்த்து வயிறு தன் பங்குக்கு வாசிக்கத் தொடங்கும்.

வரிசை: அரங்கின் கொள்ளளவும் மாநாட்டுக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதில்லை. 2019 மாநாடு நடந்த டப்ளின் மாநாட்டு மையத்தின் பெரிய அரங்கில் சுமார் 2,000 இருக்கைகள். 2024-இல் கிளாஸ்கோவில் பெரிய நிகழ்ச்சிகள் நடந்த ஆர்மடில்லோ அரங்கில் சுமார் 3,000. இரண்டு ஊருக்குமே வந்தவர்கள் அதைவிட அதிகம். எனவே எப்போது போய் நிற்பது என்ற கேள்வி எழும். பல மாநாடுகள் நடைபாதை அடைபடாமல் இருக்க "இத்தனை மணிக்கு முன் வரிசை கூடாது" என்று விதி போடும். அந்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு அந்தப் பக்கமாக இருங்கள். விதி ஏதும் அறிவிக்காவிட்டால் கதவு திறப்பதற்கு 45 நிமிடம் முன்பு போதும். சில இடங்களில் முன்கூட்டியே கையில் கட்டும் பட்டையோ டோக்கனோ கொடுத்துவிடுவார்கள். அதை விசாரிக்க வேண்டிய இடம் தகவல் மேசை, நேரம் காலை.

கதவு அறிவித்த நேரத்துக்குத் திறக்காமல் போகலாம். அதே அரங்கில் மாலை வரை வேறு நிகழ்ச்சி நடந்திருக்கும். அதன் பிறகுதான் நாற்காலி, ஸ்டாண்ட், மைக் எல்லாம் போட்டு ஒலிச் சோதனை நடக்கும். இருபது நிமிடத் தாமதத்துக்குத் தயாராக இருங்கள். வரிசையில் நுழைவதற்கு முன்பே கழிப்பறைக்குப் போய் வாருங்கள்; உள்ளே உட்கார்ந்த பிறகு எழுந்தால் இடம் நிற்காது.

நீண்ட நேரம் நிற்க முடியாதவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், கேள்திறன் குறைந்தவர்கள் ஆகியோருக்குத் தனி நுழைவு உண்டு. ஆனால் அதற்கான அடையாளத்தை அணுகல் உதவி மேசையில் முன்பே வாங்கி பேட்ஜில் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் வலி வெளியே தெரியாது என்று தயங்கிப் பொது வரிசையில் நின்று துன்பப்பட வேண்டாம். செவிப்புலன் கருவி அணிபவர்கள், ஒலியை நேராக அந்தக் கருவிக்கே அனுப்பும் ஒலி வளையம் அரங்கின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

எங்கே உட்காருவது

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். கதவு திறந்ததும் பெரும்பாலோர் முதல் வரிசைக்கு ஓடுவார்கள். ஓட வேண்டாம்.

ஆர்கெஸ்ட்ராவின் வழக்கமான அமைப்பில் உங்கள் இடப்பக்கம் முதல் வயலின்கள், வலப்பக்கம் செல்லோக்கள், அவற்றின் பின்னால் டபுள் பேஸ். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன். அதற்கும் பின்னால் ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன், கடைசியில் தாளக் கருவிகள். முதல் வரிசையில் இடது ஓரம் உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு வயலின்களின் முதுகையும் வில்லின் உரசலையும் கேட்பீர்கள். நடுவில் வாசிக்கும் ஓபோ தனித்துக் கேட்காது. மேடை உயரமாக இருந்தால் பின்வரிசைக் கலைஞர்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள்.

இசைக்கென்று கட்டிய அரங்கில் ஒரு ஒலி எழுந்து முழுவதும் அடங்க ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடியில்தான் வயலினும் ஹார்னும் கலந்து ஒரே நிறமாகின்றன. மாநாட்டு அரங்கு பேச்சுக்காகக் கட்டப்பட்டது. தரையில் கம்பளம், சுவரில் திரை, மெத்தை நாற்காலி எல்லாம் சேர்ந்து ஒலியை உறிஞ்சிவிடும். வார்த்தை தெளிவாகக் கேட்கும், இசை வறண்டு போகும். அதனால்தான் இங்கே மைக்கும் ஒலிபெருக்கியும் வைக்கிறார்கள். செவ்விசைக்கு ஒலிபெருக்கியா என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்தக் கூடத்தில் அது இல்லாவிட்டால் பின்பாதிக்கு இசை போய்ச் சேராது.

ஒலிபெருக்கி வந்ததும் நல்ல இருக்கையின் கணக்கு மாறுகிறது. ஒலி அமைப்பாளர் தன் மிக்ஸர் மேசையில் உட்கார்ந்து, அந்த இடத்தில் தனக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்தே அளவுகளைச் சரிசெய்கிறார். ஆகவே அந்த மேசையைத் தேடுங்கள். வழக்கமாக அது நடுவில், அரங்கின் பாதிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதற்கு முன்னால் நான்கைந்து வரிசை தள்ளி, நடு அச்சிலோ அதற்கு இரண்டு மூன்று இருக்கை இப்பாலோ அமர்ந்தால் அரங்கிலேயே சமநிலையான ஒலி உங்களுடையது. மேசைக்கு நேர் பின்னால் வேண்டாம். அதன் சிறு விளக்குகள் கண்ணை உறுத்தும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உள்ள பக்கவாட்டு முன்வரிசைகளைக் கட்டாயம் தவிருங்கள். மேடை ஒரு பக்கம் இருக்க, இசை வேறு பக்கமிருந்து வருவதுபோல் இருக்கும். பித்தளைக் கருவிகள் ஏறும்போது காது வலிக்கும்.

மாடி இருந்தால் மாடியின் முதல் வரிசை மிக நல்ல இடம்: கருவிகள் கலந்து கேட்கும், குழு முழுவதும் தெரியும். மாடிக்குக் கீழே ஆழமாக உள்ள கடைசி வரிசைகள் மோசம். தாழ்ந்த கூரை ஒலியை அமுக்கிவிடும். தரை சரிவாக இல்லாமல் சமதளமாக இருந்தால் நடைபாதையை ஒட்டிய இருக்கையே வாங்குங்கள். முன்னால் உயரமானவர் உட்கார்ந்தாலும் பக்கவாட்டில் ஒரு பார்வைக் கோடு மிஞ்சும். குழுவுக்கு மேலே திரையில் விண்வெளிப் படங்கள் காட்டப்போகிறார்கள் என்றால் முதல் பத்து வரிசையில் கழுத்து வலிதான். அரங்கு தட்டிகளால் பிரிக்கப்பட்ட பெரிய கூடமாக இருந்தால், அடுத்த கூடத்தோடு பகிர்ந்த தட்டியின் ஓரத்தை விட்டுத் தள்ளி உட்காருங்கள். அங்கே என்ன நடக்கும் என்று யார் கண்டார்கள்.

உரத்த ஒலி ஒத்துக்கொள்ளாதவர்கள் இசைக் கலைஞர்கள் பயன்படுத்தும் காதடைப்பான் கொண்டுவருவது நல்லது. ஒலியை எல்லா அலைவரிசையிலும் ஒரே சீராக, சுமார் 15 டெசிபல் குறைப்பது வேண்டும். மருந்துக்கடைப் பஞ்சு போன்ற அடைப்பான் உயர் சுரங்களை மட்டும் அதிகமாக விழுங்கி, வயலினைப் போர்வைக்குள் வைத்து வாசிப்பதுபோல் ஆக்கிவிடும்.

காஸ்ப்ளே (கதாபாத்திர வேட) உடையில் வருகிறவர்களுக்கு

உடை கட்டுப்பாடு இல்லை. ஒருவர் கோட்டில் இருப்பார், பக்கத்தில் இருப்பவர் விண்வெளிக் கவசத்தில். அழகுதான். ஆனால் ஒரு இருக்கையின் அகலம் அரை மீட்டர்தான். இறக்கை, உயரமான தலைக்கவசம், நீளமான ஆயுதம் எல்லாவற்றையும் அறையிலோ பொருள் வைப்பகத்திலோ விட்டுவிட்டு வாருங்கள். உடையில் எல்ஈடி விளக்கு இருந்தால் பேட்டரி சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அரங்கு இருண்டதும் அது பத்து வரிசைக்குத் தெரியும். ஃபோம் கவசத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிடும். உட்கார்ந்து எழுந்து முன்பே சோதியுங்கள். கச்சேரிக்கு மட்டும் ஒரு மேலங்கியோ சால்வையோ வேண்டும். மாநாட்டு அரங்குகளின் குளிர்சாதனம் இரண்டு மணி நேரத்தில் எலும்பு வரை போய்விடும்.

எப்போது கைதட்டுவது

நம் சபாக்களில் நல்ல சங்கதி விழுந்ததும் "பலே" சொல்கிறோம், தலையாட்டுகிறோம், தொடையில் தாளம் போடுகிறோம். தனி ஆவர்த்தனத்தின் போது கேன்டீனுக்கும் போய் வருகிறோம். இங்கே ஒலி எழுப்பும் பாராட்டு எல்லாம் முடிவுக்குத்தான்.

முறை இதுதான். கலைஞர்கள் அமர்ந்ததும் முதன்மை வயலின் கலைஞர் வருவார்; கைதட்டலாம். ஓபோ ஒரு சுரம் கொடுக்கும், எல்லாரும் அதோடு சுருதி சேர்ப்பார்கள். அப்போது பேச்சை நிறுத்திவிடுங்கள். பிறகு இசை நடத்துநர் வருவார், மீண்டும் கைத்தட்டல். பல பகுதிகள் கொண்ட படைப்பில் பகுதிகளுக்கு நடுவில் தட்டுவதில்லை. சந்தேகம் வந்தால் நடத்துநரின் கைகளைப் பாருங்கள்: கை உயரத்தில் நிற்கும்வரை இசை முடியவில்லை, கை இறங்கி அவர் உங்கள் பக்கம் திரும்பினால் முடிந்தது.

மாநாட்டுக் கூட்டம் இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தும். தெரிந்த படத்தின் முதல் முழக்கம் எழுந்ததும் அரங்கமே ஆர்ப்பரிக்கும். அது இந்த இடத்துக்கே உரிய மகிழ்ச்சி. நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் இரண்டு நொடியில் அடங்கிவிடுங்கள். ஹோல்ஸ்டின் வியாழன் முடிந்ததும் கைத்தட்டல் தானாகவே வெடிக்கும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

நிஜமாகவே அமைதி வேண்டிய இடங்கள் மூன்று. ஜரதுஸ்ட்ராவின் தொடக்கம்: ட்ரம்பெட் எழுவதற்கு முன் அடிமட்டச் சுரம் ஒன்று காதால் கேட்பதைவிட உடம்பால் உணரும்படி நிற்கும். பலர் கச்சேரி இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். செவ்வாயின் தொடக்கம்: தந்திகளை வில்லின் மயிரால் இழுக்காமல் மரப்பக்கத்தால் தட்டுவார்கள், அந்த மெல்லிய டக்டக் ஒலியை ஒரு மிட்டாய் உறை மூழ்கடித்துவிடும். மூன்றாவது நெப்டியூனின் முடிவு. மேடையில் இல்லாத பெண்கள் குழு ஒன்று பக்கத்து அறையிலிருந்து பாடும்; அந்த அறையின் கதவை மெல்ல மெல்ல, சத்தமில்லாமல் மூடி, குரல் தொலைவில் கரைந்து போகும்வரை கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்பது ஹோல்ஸ்டின் குறிப்பு. எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாமல் முடிவதுதான் அதன் அழகு. கார் பிடிக்க முந்திக்கொண்டு எழுந்து வாசற்கதவைத் திறக்கும் ஒரே ஒருவர் போதும், ஆயிரம் பேருக்கு அது போய்விடும். முதலில் கைதட்டுபவராகவும் இருக்காதீர்கள்.

இருமலுக்கு மாத்திரை வைத்திருந்தால் உறையை விளக்கு அணைவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். ஐந்து நாள் கூட்டத்தில் சளி வேகமாகப் பரவும்; நிரம்பிய அரங்கில் என்95 முகக்கவசம் உங்களுக்கும் நல்லது, மேடையில் மூச்சை முதலாக்கி வாசிப்பவர்களுக்கும் நல்லது.

போன்

அணைத்துவிடுவது உத்தமம். அமைதி நிலையில் வைத்தாலும் காலை எழுப்பும் அலாரம் வீட்டு நேரப்படி அடிக்கலாம். கடிகாரம் மணிக்கட்டைத் திருப்பும்போது ஒளிர்வதையும் நிறுத்துங்கள். பதிவு செய்வது பெரும்பாலும் தடை. இசைக்குறிப்புகள் வாடகைக்கும் உரிமத்துக்கும் எடுக்கப்படுகின்றன; அந்த உரிமத்தில் மேடை நிகழ்ச்சி மட்டும் அடங்கியிருக்கலாம். இதே காரணத்தால் இணையவழி உறுப்பினர்களுக்கு மற்ற நிகழ்ச்சிகள் நேரலையில் போனாலும் கச்சேரி மட்டும் போகாமல் இருக்கலாம். வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று நம்பியிருப்பவர்கள் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முடிந்த பிறகு

கூட்டம் கலையும்வரை ஐந்து நிமிடம் இருக்கையிலேயே இருங்கள். தலையில் இசை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்; படிக்கட்டு நெரிசலில் அதைத் தொலைக்க வேண்டாம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வைத்திருங்கள். கிளாஸ்கோ போன்ற இடத்தில் ரயில் நிலையம் நடைதூரத்திலேயே இருந்தாலும் இரவில் ரயில்களின் இடைவெளி கூடிவிடும்.

தூக்கம் வரவில்லை என்றால் ஃபில்க் அறையைத் தேடுங்கள். அறிவியல் புனைகதை வாசகர்கள் தாங்களே கட்டிய பாட்டுகளை வட்டமாக உட்கார்ந்து பாடும் இடம் அது. பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியும் நடக்கும். ஒரு பாட்டு நடக்கும்போது உள்ளே நுழையாமல், முடியும்வரை வாசலில் நின்று பிறகு போங்கள். முறை ஒவ்வொருவராகச் சுற்றி வரும். உங்களிடம் வரும்போது நீங்கள் ஒன்று பாடலாம், வேறு யாரையாவது ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாம், அல்லது "அடுத்தவர்" என்று சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.